ஊஞ்சல் கொக்கியும் சைக்கிள் உலையும்

எங்கள் சித்தப்பாவுக்கு ஆணி அடிக்கத் தெரியாது. காலண்டர் மாட்டுகிறேன் பேர்வழி என்று ஒரு தரம் முக்காலியில் ஏறி, ஆணியை விட்டுவிட்டுத் தன் கட்டைவிரலைச் சுவரோடு சேர்த்து அடித்துக்கொண்டவர். திருச்சிராப்பள்ளியில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தா. பேனாவை விடக் கனமாக எதையும் அவர் தூக்கி நான் பார்த்ததில்லை. அப்பேர்ப்பட்ட மனுஷர் ஸ்ரீரங்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் கரி உலை கட்டி இரும்பு அடிக்கப்போகிறேன் என்று கிளம்பினால் யார்தான் சிரிக்க மாட்டார்கள்? வீடே சிரித்தது. நான் மட்டும் சிரிக்கவில்லை. எனக்கு எட்டு வயசு. எனக்குச் சித்தி திரும்பி வரவேண்டும், அவ்வளவுதான்.

சித்தி என்றால் பேருக்குத்தான் சித்தி. சித்தப்பாவைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வரும்போது அவளுக்குப் பதினாறோ பதினேழோ. எனக்குத் தலை பின்னிவிடுவாள், தன் இலையிலிருந்து புளியோதரைக் கடலையைப் பொறுக்கி என் இலையில் போடுவாள். மத்தியானம் எல்லோரும் கண்ணயர்ந்த பிறகு கூடத்து ஊஞ்சல் எங்கள் ராஜ்யம். அவள் பலகையில் காலைக் குறுக்கிக்கொண்டு உட்காருவாள், நான் பின்னாலிருந்து ஆட்டுவேன். "இன்னும்டி, இன்னும்" என்பாள். நானா விடுகிறவள்? மூச்சைப் பிடித்துக்கொண்டு தள்ளுவேன். "ரெண்டும் அடங்காப்பிடாரி" என்று அத்தை உள்ளேயிருந்து கத்துவாள். அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. அவள் புருஷன், எங்கள் அத்திம்பேர், போனபின் எங்களோடேயே வந்து, வீட்டு நிர்வாகத்தையும் ஆசாரத்தையும் கையில் எடுத்துக்கொண்டவள்.

அப்படி ஆடின ஒரு மத்தியானம் உத்தரத்து வளையத்தையும் சங்கிலியையும் சேர்க்கிற கொக்கி 'டங்'கென்று முறிந்தது. பலகை ஒரு பக்கம் சரிந்தது. சித்தி தரையில் போய் விழுந்தாள். முதலில் அவள் சிரித்தாள், நானும் சிரித்தேன். அப்புறம் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். அம்மா ஓடி வந்தாள். அப்பா டவுனிலிருந்து லேடி டாக்டரை ஜட்காவில் கூட்டிவந்தார். என்னைப் பக்கத்து வீட்டுக்கு விரட்டினார்கள். வயிற்றுவலி என்றார்கள். நாலாம் நாள் கும்பகோணத்திலிருந்து சித்தியின் அப்பா வந்து, யாரோடும் முகம் கொடுத்துப் பேசாமல், அவளை அழைத்துக்கொண்டு போய்விட்டார். வீதி முனைவரை ஜட்காவின் பின்னால் ஓடினேன். சித்தி படுத்திருந்தாள் போலிருக்கிறது, திரும்பிப் பார்க்கவில்லை.

அன்றைக்குக் கூடத்தில் நின்றுகொண்டு அத்தை, "இந்தக் குரங்கு ஆட்டின ஆட்டுக்கு..." என்று ஆரம்பித்தாள்.

"அக்கா!" என்று ஒரு அதட்டல். சித்தப்பா! அக்காவுக்கு முன்னால் உரக்கத் தும்மக்கூட யோசிக்கிற சித்தப்பா! அத்தை சமையலுள்ளுக்குள் போய்விட்டாள். பாவம், ஊஞ்சலை யாராவது குறை சொன்னால் சித்தப்பாவுக்குப் பொறுக்கவில்லை என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அப்பா சங்கிலியைக் கழற்றிப் பலகையைப் பரணில் போடச் சொன்னார். சித்தப்பா முடியாது என்றார். ஊஞ்சல் மறுபடி ஆட வேண்டும், கொக்கியை நானே அடிக்கிறேன், ஊஞ்சல் ஆடினால்தான் அவள் வருவாள் என்றார். அந்தக் கடைசி வார்த்தையை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். கொக்கி வந்தால் ஊஞ்சல் ஆடும், ஊஞ்சல் ஆடினால் சித்தி வருவாள். எட்டு வயசுக்கு இதைவிடத் தெளிவான கணக்கு வேறென்ன வேண்டும்?

கொள்ளிடக்கரைக்குப் போகிற வழியில் ஒரு கொல்லர் பட்டறை இருந்தது. என்னையும் கூட்டிக்கொண்டு சித்தப்பா அங்கே போய் உலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். கொல்லர் சிரித்தார். "எதுக்குங்க சாமி இந்தச் சிரமம்? நீங்க வெத்தலை போட்டு முடிக்கிறதுக்குள்ள நான் அடிச்சுத் தந்துடறேன்."

"இல்லைப்பா. இதை நாங்க ரெண்டு பேரும்தான் அடிக்கணும்" என்று சித்தப்பா என் தலையில் கை வைத்தார். நாங்க ரெண்டு பேரும்! எனக்கு அங்கேயே ஒரு சாண் உயரம் கூடிப்போயிற்று. கொல்லர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஒரு குறடும் சுத்தியலும் எடுத்துக் கொடுத்தார். உலைக்குக் காற்று ஊதப் பழைய துருத்தி ஒன்றையும் தருகிறேன் என்றார். அங்கேதான் வந்தது வினை.

துருத்தி ஆட்டுத்தோல். அத்தை சமையலுள் வாசலில் நின்று பிரகடனம் செய்தாள்: "தோல் இந்த நிலைப்படியைத் தாண்டி வந்தா நான் காவேரியோட போயிடறேன்." அப்பாவும் தலையை ஆட்டினார். பூஜை உள்ளில் கோயிலாழ்வார் மண்டபத்தில் பெருமாள் எழுந்தருளியிருக்கிற வீட்டில் செத்த தோல் மூச்சு விடுவதா? சித்தப்பா பழைய குடைத்துணியில் துருத்தி தைத்துப் பார்த்தார். அது காற்றை உலைக்கு மட்டும் அனுப்பாமல் மற்ற எல்லாத் திசைக்கும் அனுப்பியது. மூன்று நாள் யோசித்தார். நாலாம் நாள் ஆபீஸுக்குப் போகிற சைக்கிளைக் கொல்லையில் தலைகீழாக நிறுத்தினார். பின்சக்கரத்து டயரைக் கழற்றி, வெறும் சக்கரத்தில் கயிறு மாட்டி, ஒரு நெய் டின்னுக்குள் தகரத்தால் செய்த சின்னக் காற்றாடியோடு சேர்த்தார். பெடலைக் கையால் சுற்றினால் காற்றாடி 'விர்'ரென்று சுழன்று, டின்னிலிருந்து குழாய் வழியாகக் காற்று பீறிட்டது. அத்தைக்கும் ஆட்சேபணை இல்லை. சைக்கிள் ஸீட்டும் தோல்தானே சித்தப்பா என்று நான் கேட்டேன். சட்டென்று என் வாயைப் பொத்தினார்.

ஓரம் உடைந்த கழுநீர்த் தொட்டிக்கு உள்ளே காவேரிக் களிமண்ணும் உமியும் குழைத்துப் பூசினோம். அதுதான் உலை. பாலக்கரைப் பழைய இரும்புக் கடையிலிருந்து ஒரு துண்டுத் தண்டவாளம் வந்தது. அதுதான் இரும்பை வைத்து அடிக்கிற பட்டடை. அதைச் சுமந்து வந்த ஜட்காக் குதிரை அப்புறம் எங்களைக் கண்டாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும்.

கரிதான் கிடைக்கவில்லை. யுத்த காலம். பெட்ரோல் இல்லாமல் பஸ்ஸே முதுகில் அடுப்பைக் கட்டிக்கொண்டு கரியில் ஓடிக்கொண்டிருந்தது. அலைந்து திரிந்து சித்தப்பா ஒரு மூட்டை கொண்டுவந்து இறக்கிவிட்டு ஆபீஸுக்குப் போனார். மறுநாள் லீவு, காலையில் உலையை மூட்டினால் கரி பற்றவே இல்லை. புகை. கண்ணெல்லாம் புகை. நான் பெடலைச் சுற்றச் சுற்ற, கரி 'படபட'வென்று சீனிவெடி மாதிரி வெடிக்க ஆரம்பித்தது. பொறி பறந்து போய்க் கொடியில் உலர்ந்துகொண்டிருந்த அப்பாவின் மடி வேஷ்டியில் விழுந்தது. அப்பா வந்து வேஷ்டியை எடுத்து வெயிலுக்கு நேராகப் பிடித்துப் பார்த்தார். "பட்டப்பகல்லே நட்சத்திரம் காட்டிட்டேடா" என்றார். நல்ல வேளை, அப்பா கோபம் வந்தாலும் சிரித்துவிடுகிற ஜாதி.

அப்புறம்தான் விஷயம் வெளியே வந்தது. எவன் தொட்ட மூட்டையோ, எந்த வண்டியில் வந்ததோ என்று அத்தை கிணற்றிலிருந்து நாலு குடம் இழுத்துக் கரியின் தலையில் கொட்டிச் சுத்தி பண்ணியிருக்கிறாள்! கரியைக் குளிப்பாட்டின வீடு உலகத்திலேயே எங்கள் வீடு ஒன்றுதான் இருக்கும். சித்தப்பா ஈரக் கரியை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தனியே வைத்தார். மறுநாளிலிருந்து அத்தையே கரியை மொட்டைமாடியில் பரப்பிக் காய வைத்து, கையில் விசிறியோடு காவல் உட்கார்ந்தாள். காக்காய் கரியைத் தின்னுமா அத்தை என்று கேட்டேன். "போடி அந்தாண்டை" என்றாள்.

காய்ந்த கரி ஜோராகப் பற்றியது. தணல் நடுவே கொக்கிக்காக வைத்த இரும்புக் கம்பியின் நுனி சிவந்து, அப்புறம் ஆரஞ்சுப் பழ நிறமாயிற்று. எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"இன்னும் வேகமா சுத்தட்டுமா சித்தப்பா?"

சித்தப்பா குறடும் கையுமாக அப்படியே நின்றுவிட்டார். என் முகத்தையே பார்த்தார். நான் சுற்றினேன், மூச்சைப் பிடித்துக்கொண்டு சுற்றினேன். இரும்பு வெள்ளை வெளேரென்றாகி, மத்தாப்பு மாதிரி பொறி கக்கியது. ஆஹா என்று கத்தினேன். அவர் திடுக்கிட்டு வெளியே எடுத்தபோது நுனி கருகிச் சொத்தையாகியிருந்தது. இரும்பு கூட எரிந்துபோகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? கெடுத்துவிட்டேன், கொக்கி போச்சு, இனிமேல் சித்தி வரமாட்டாள் என்று கொல்லையே அதிர அழுதேன்.

சித்தப்பா குறட்டைப் போட்டுவிட்டு என் எதிரே மண்ணில் உட்கார்ந்தார். கரி அப்பின என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். கம்பி போனால் இன்னொரு கம்பி என்றார். பிறகு இடுப்பு முடிச்சிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். முறிந்த பழைய கொக்கி. முறிந்த இடத்தை என் கண்ணுக்கு நேரே பிடித்தார்.

"பாரு. இங்கே மட்டும்தானே பளபளன்னு இருக்கு? கால்வாசி. பாக்கி முக்கால்வாசியும் துரு. இது பழைய விரிசல்டி, நீ பொறக்கறதுக்கு முன்னாடியே விட்டிருக்கும். மேலே எண்ணெயும் அழுக்குமா மூடியிருந்தது, யார் கண்ணுக்கும் தெரியலை. யார் உட்கார்ந்தாலும், யார் ஆட்டினாலும், ஆட்டாமலே இருந்தாலும் இது ஒரு நாள் போயிருக்கும். புரியறதா?"

புரிகிறது என்றேன். எனக்குப் புரிந்தது துருவைப் பற்றி.

அதற்கப்புறம் அந்த ஒரு மாசத்தில் எத்தனை தடவை அந்தக் கொக்கி வெளியே வந்திருக்கும்! இரும்பு சூடேறக் காத்திருக்கும்போதெல்லாம் எடுப்பார். பழைய விரிசல் எவ்வளவு? முக்கால். புதுசு எவ்வளவு? கால். யார் ஆட்டியிருந்தாலும்? போயிருக்கும். வாய்ப்பாடு மாதிரி எனக்கு மனப்பாடமாகிவிட்டது. இந்த வித்தையை யாரிடமாவது காட்ட வேண்டாமா? ஒரு நாள் கொக்கியை வாங்கிக்கொண்டு போய் அத்தையிடம் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன். அரிசி களைந்துகொண்டிருந்த அத்தையின் கை நின்றது. ஈரக் கையோடேயே என்னை இழுத்து அணைத்துக்கொண்டாள். அவள் குளித்து மடியாக இருந்தாள், நானோ கரிச்சட்டி. தொட்டால் மறுபடி தலைக்குக் குளிக்க வேண்டும். குளித்தாள், ஒரு வார்த்தை வையவில்லை. எனக்கு அதிசயமாக இருந்தது.

ஆறாவது கொக்கிதான் தேறியது. ஒரு பக்கம் பருத்து ஒரு பக்கம் இளைத்து, கல்யாண வீட்டில் சாப்பிட்ட பாம்பு மாதிரி இருந்தது. கொல்லரிடம் காட்டினோம். "அழகு போதாதுங்க. ஆனா யானை கட்டினாலும் தாங்கும்" என்றார். சித்தப்பா அதை மாட்டி, ஊஞ்சலில் இரண்டு அரிசி மூட்டையை ஏற்றி எட்டு நாள் தொங்கவிட்டார். ஒன்பதாம் நாள் மூட்டையை இறக்கினார்கள். யார் முதலில் உட்காருவது?

அத்தை வந்தாள். "நான் உட்கார்றேன். விழுந்தா கிழவி விழுந்ததா இருக்கட்டும்." சங்கிலியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை மூடி, "ரங்கா, ரங்கா" என்றாள். அப்புறம் என்னைக் கூப்பிட்டாள். "வாடி. நீதான் ஆட்டணும்."

ஆட்டினேன். கொக்கி கிறீச்சென்று கூடச் சொல்லவில்லை. சித்தப்பா தூணில் சாய்ந்துகொண்டு மேல்துண்டால் முகத்தைத் துடைத்தார், துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். உலைச் சூடு இன்னும் போகவில்லை போலிருக்கிறது என்று நினைத்தேன். அன்றைக்கே கும்பகோணத்துக்குக் கடுதாசி போயிற்று.

தீபாவளிக்கு முன்னால் சித்தி வந்தாள். இளைத்திருந்தாள். கூடத்தில் நின்று உத்தரத்தைப் பார்த்தாள். நான் விடுவேனா? கையைப் பிடித்து இழுத்து, பழைய கொக்கியைக் காட்டி, முக்கால் பழைய விரிசல், கால் புதுசு, யார் ஆட்டியிருந்தாலும் போயிருக்கும் என்று முழுப்பாட்டையும் பாடினேன். சித்தி கடைசிவரை கேட்டாள். சித்தப்பாவை ஒரு பார்வை பார்த்தாள். அவர் காலண்டரில் தேதி பார்த்துக்கொண்டிருந்தார். அவள் போய்ப் பலகையில் காலைக் குறுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"வாடி, ஆட்டு."

"மெதுவாவா, வேகமாவா?"

"நீ எப்பவும் ஆட்டுவியே, அப்படி."

ஆட்டினேன், அவள் அழுதாள். இத்தனை நாள் கழித்து ஊஞ்சல் ஆடினால் யாருக்கும் சந்தோஷத்தில் அழுகை வரும்தானே என்று எண்ணிக்கொண்டு இன்னும் வேகமாகத் தள்ளினேன்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, முதல் பிரசவத்துக்கு நான் பிறந்த வீட்டுக்கு வந்திருந்தேன். ஊஞ்சலில் உட்காரப் போனபோது அம்மா பதறிக்கொண்டு வந்து பலகையைப் பிடித்தாள். பேச்சோடு பேச்சாக, "அவளுக்கும் அப்போ நாலு மாசம்டி" என்று சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். வயிற்றிலேயே போன அந்தக் குழந்தைக்குப் பிறகு சித்திக்கு வேறு குழந்தை பிறக்கவில்லை. அத்தனை வருஷமும் எனக்குத் தலை பின்னியது அந்தக் கைதான்.

அன்று சாயங்காலம் கொல்லைக்குப் போனேன். தொட்டி உலையில் அம்மா துளசி வைத்திருந்தாள். சித்தப்பா அதற்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். என்னவோ கேட்க வேண்டுமென்று போனவள் அவர் கையிலிருந்த சொம்பை வாங்கிப் பாக்கித் தண்ணீரை ஊற்றினேன். அந்த ஒரு மாசத்தில் துருவைப் பற்றி அவ்வளவு சொன்ன மனுஷர், "உன் மேல் தப்பில்லை" என்று மட்டும் ஒரு தடவை கூடச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், தப்பு என்று ஒரு பேச்சு அந்த வீட்டில் இருந்தது எனக்குத் தெரிந்துபோயிருக்கும்.