வெற்றிலையைத் திருப்பி அனுப்பினோம்

போன வாரம் கன்னியம்மாக்காவின் வாட்ஸ்அப்புக்கு ஒரு போட்டோ வந்தது. தட்டில் வெற்றிலை, பாக்கு. தெரியாத நம்பர்.

நாங்கள் அந்த நம்பரை பிளாக் செய்தோம்.

நான் திருநீறு மந்திரிப்பேன். கம்பெனி கேன்டீனில் காய் நறுக்குவேன். இரண்டும் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவர்களுக்குத் தெரியும். எங்களைப் போல மந்திரிக்கிறவர்களுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் இருக்கிறது. ஆரம்பாக்கம் கன்னியம்மாக்காதான் அட்மின்.

குரூப் எதற்கு என்கிறீர்களா? தெருவில் எங்களுக்குப் பெயர் சூனியக்காரி. பிள்ளை பயந்து அழுதால் மட்டும் பின்வாசல் வழியாக வருவார்கள். மறுநாள் எதிரே பார்த்தால்... முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். இதை யாரிடம் சொல்வது?

குரூப்பில் சொல்லலாம். சிரிக்கவும் செய்வோம். "ஊர்ல இருக்குற பேயெல்லாம் ஓட்டிட்டேன். ஊட்டுக்காரன ஓட்ட முடியலயே" என்பாள் ஒருத்தி. பிள்ளைக்கு வலிப்பு என்று யாராவது எழுதினால், "மொதல்ல ஆஸ்பத்திரிக்கு ஓடு. அப்புறமா மந்திரிக்கலாம்" என்று அதட்டுவார் கன்னியம்மாக்கா. செய்வினை வைக்கிறவர்களுக்கு அங்கே இடமில்லை.

எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வெற்றிலை பாக்கோடு வாசலுக்கு வந்தவரை நீ யார் என்று கேட்க மாட்டோம். திருப்பியும் அனுப்ப மாட்டோம். குரூப்பிலும் அதையே வைத்துக்கொண்டோம். வெற்றிலை பாக்கு போட்டோ அனுப்பினால் போதும்... சேர்த்துவிடுவோம்.

அப்படித்தான் ஸ்டெல்லாவின் கொழுந்தன் உள்ளே வந்தான்.

ஸ்டெல்லா காக்களூரில் ஒரு கம்பெனியில் பேக்கிங் வேலை செய்கிறாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போவாள். அம்மா சொல்லிக்கொடுத்த மந்திரிப்பையும் விடவில்லை. வீட்டுக்குத் தெரியாது. ஒருநாள் குரூப்பில் அழுதுகொண்டே பேசி அனுப்பினாள். "ஜெபத்தையும் உட முடியல, இதையும் உட முடியலக்கா. நான் இன்னா பண்ணுவேன்?"

அந்தக் குரலை அவன் வீட்டில் எல்லார் முன்னாலும் போட்டுக் காட்டினான். புருஷன் போனை உடைத்தான். குரூப்பில் இருக்கிற நம்பரெல்லாம் யார் யாருடையது என்று கேட்டு அடித்தார்களாம். அவள் ஒரு பெயரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு எங்களுக்குப் பயம். அவனைக் குரூப்பிலிருந்து தூக்கினோம். இனிமேல் வெற்றிலைக்குக் கதவு கிடையாது என்று முடிவு செய்தோம். எல்லாரும் சரி என்றார்கள். நானும்தான்.

போன வார போட்டோவைக் கன்னியம்மாக்கா குரூப்பில் போட்டுக் கேட்டார். "இன்னாடி பண்றது?"

"இன்னொரு கொழுந்தன் வந்துட்டான் போல" என்றாள் ஒருத்தி.

"தொறக்காதக்கா" என்றேன் நான்.

நேற்று கவரைப்பேட்டை ஸ்டேஷனில் ஸ்டெல்லாவைப் பார்த்தேன். இளைத்திருந்தாள். பக்கத்தில் வந்து நின்று மெதுவாகப் பேசினாள்.

"வெத்தல அனுப்புனேனே, வரலியாக்கா? பக்கத்து ஊட்டு போன்ல இருந்து அனுப்புனேன். கன்னியம்மாக்கா நம்பரு மனசுல இருந்துச்சி."

"பேரு போட்டிருக்கலாமே ஸ்டெல்லா."

"யாருனா பாத்துட்டா? நாமதான் பேரு கேக்க மாட்டோமேன்னு நெனச்சேன். நெட்டு இல்லயோ இன்னாவோன்னு உட்டுட்டேன்."

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை.

"வந்துச்சிம்மா. நாங்கதான் உள்ள உடல."

அவள் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"நல்லதுதான்க்கா. அப்படியே இருங்க. நான் இனிமே வந்தா உங்களுக்கும் பேஜாரு."

ரயில் வந்தது. ஏறிப் போய்விட்டாள்.

கன்னியம்மாக்காவுக்கு போன் போட்டுச் சொன்னேன்.

குரூப் இப்போது பத்திரமாக இருக்கிறது. எங்களைக் காட்டிக்கொடுக்காதவள்தான் வெளியே இருக்கிறாள்.