ராஜமணிக்கு நன்றி

பழவங்காடி கணபதி கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, செருப்புக்கடை மாடியில் இருந்தது எங்கள் டிடிபி சென்டர். கல்யாணப் பத்திரிகையும் மலையாளமும் எனக்கு; ஆங்கிலமும் ஆராய்ச்சிக்காரர்களும் பொன்செல்வி அக்காவுக்கு. டாக்டர் பட்டத்துக்கு ஆய்வேடு கொடுக்கிறவர்கள் அவரைத் தேடித்தான் படியேறி வருவார்கள். மார்த்தாண்டத்துக்குப் பக்கம் பிறந்து, டைப்ரைட்டிங் ஹையர் பாஸாகி, கல்யாணமாகி இங்கே வந்தவர். டைல்ஸ் வேலைக்குப் போகும் கணவன், மலையாளப் பள்ளிக்கூடத்தில் இரண்டு பெண்கள். தான் அடித்துக் கொடுத்த ஆய்வேடு ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை என்ற பெருமை அவருக்கு உண்டு. வேறு நகை அவரிடம் அதிகமில்லை.

புது ஆய்வேடு தொடங்கும் நாளில் கணபதிக்கு ஒரு தேங்காய் உடைப்பார். கடைசி நாளில் நன்றிப் பக்கம் அடிப்பார். மீனைப் பற்றியோ கூட்டுறவு வங்கியைப் பற்றியோ, எந்த ஆய்வேடானாலும் முதலில் எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி. பிறகுதான் வழிகாட்டி, துறைத்தலைவர், நூலகர், பெற்றோர். களைத்துப்போய் வந்து நிற்கும் மாணவர்கள், "சேச்சி, அது நீங்களே போட்டிருங்க" என்று விடுவார்கள். அக்காவின் கம்ப்யூட்டரில் அதற்கென்று ஒரு பழைய ஃபைல் இருந்தது. பெயர்களை மாற்றினால் போதும்.

2003 மழைக்காலத்தில் திவ்யலட்சுமி வந்தாள். கோட்டைக்குள் அக்ரகாரத்துப் பெண். அப்பா கோயிலில் வேதபாராயணம் செய்கிறவர். இவள் ஆராய்ச்சி மரபணுவில். அர்த்தம் தெரியாமல் விரல் ஓடுவது அக்காவுக்குப் பழக்கம்தான். ஆனால் இந்தப் பெண்ணை அவருக்குப் பிடித்துப்போயிருந்தது.

"இதுல என்னதான் மோளே சொல்லுத?"

"வைட்டமின் சி இருக்கோல்லியோ அக்கா, முக்கால்வாசி மிருகம் அதைத் தன் உடம்புலயே பண்ணிக்கும். நம்மால முடியாது. பண்ற ஜீன் உள்ளேயே இருக்கு, ஆனா ஒடஞ்சு கெடக்கு. கொரங்குக்கும் அதே ஜீன், அதே மாதிரி ஒடஞ்சிருக்கு."

"ஒடஞ்சா ஒடஞ்சிட்டுப் போட்டு. அதுக்கு?"

"பரீட்சையில ரெண்டு பேர் சரியான விடை எழுதினா ஒண்ணும் சொல்ல முடியாது. ரெண்டு பேரும் ஒரே தப்பை ஒரே எடத்துல எழுதியிருந்தா?"

"பாத்து எழுதினதாக்கும்."

"அவ்ளோதான் அக்கா என் தீசிஸ். நாமும் கொரங்கும் ஒரே எடத்துலேர்ந்து வந்திருக்கோம். ஒரே மூதாதை."

"எனக்க மாமியாரைப் பாத்த அன்னைக்கே எனக்கிது தோணிச்சு, கேட்டியா."

இருவரும் சிரித்தார்கள். அவள் படியிறங்கிப் போன பிறகு அக்கா என் பக்கம் திரும்பினார். "பாவம் தம்பி, இதைப் படிச்சா இவ அப்பன் எப்பிடித் தாங்குவாரு?" என்றார்.

நன்றிப் பக்கத்தைத் திவ்யா தன் கையால் எழுதிக் கொண்டுவந்தாள். அதில் வழிகாட்டி இருந்தார், சோதனைச்சாலைத் தோழிகள் இருந்தார்கள், அப்பா இருந்தார்.

"சாமி விட்டுப்போச்சே மோளே."

"தெரிஞ்சுதான் அக்கா விட்டேன். உண்டுன்னும் இல்லைன்னும் எனக்கே இன்னும் தீர்மானமில்லை. தீர்மானமில்லாததை எழுதப்படாது."

அக்கா தாளை வாங்கி வைத்துக்கொண்டார். கடைசி அச்சு எடுக்கிற நாள் கோயிலுக்குப் போய்விட்டு, நெற்றியில் ஈரச்சந்தனத்தோடு வந்து உட்கார்ந்தார். பழைய ஃபைலைத் திறந்தார். திவ்யா மனம் மாறிச் சாமியைச் சேர்க்கச் சொல்லியிருப்பாள் என்றுதான் நான் நினைத்தேன்.

வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்கு எங்களையும் அழைத்திருந்தாள். யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாம். அக்கா கல்யாணப் பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டு வந்தார். கடைசி வரிசையில் அமர்ந்தோம். வெளியூரிலிருந்து வந்திருந்த பரிசோதகர் வயதானவர். ஆய்வேட்டின் முதல் தாளைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:

"இந்த ராஜமணி யார்?"

திவ்யாவுக்குப் புரியவில்லை. அவர் உரக்கப் படித்தார். எல்லாம் வல்ல இறைவனுக்கு நன்றி. அவன் அருளைப்போலவே என்னைத் தாங்கிய திரு. ராஜமணி அவர்களுக்கும் நன்றி.

"போன வருடம் உங்கள் ஊரிலிருந்து இரண்டு ஆய்வேடுகள் எனக்கு வந்தன. ஒன்று பெரணிச்செடி, ஒன்று நன்னீர் மீன். இரண்டையும் இவர்தான் தாங்கியிருக்கிறார். பெரிய மனிதர் போலிருக்கிறது."

அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை.

"ஒரே பிழை ஒரே இடத்தில் இருந்தால் மூலம் ஒன்று என்கிறீர்கள். உங்கள் வாதப்படியே நான் எதை முடிவு செய்ய? முதல் பக்கமே பார்த்து எழுதியது என்றால், உள்ளே இருப்பது?"

திவ்யா திரும்பினாள். இத்தனை தலைகளுக்கு மேலாக அவள் கண் நேராக அக்காவிடம் வந்தது. அக்கா எழுந்து நின்று, "நானாக்கும் செஞ்சது" என்று சொன்னால் போதும். அவர் உதடு அசைந்தது. பிறகு குனிந்துகொண்டார். பட்டு மட்டும் சரசரத்தது.

ஒன்றரை மணிநேரம் அந்தப் பெண்ணைக் குடைந்தார்கள். சோதனைச்சாலைப் பதிவுகள் அத்தனையும் கொண்டுவந்து காட்டிய பிறகுதான் நம்பினார்கள். பட்டம் உண்டு, நன்றிப் பக்கத்தை மாற்றித் தர வேண்டும்.

மறுவாரம் நூலகத்துக்குரிய பிரதிகளைச் சுமந்துகொண்டு திவ்யா கடைக்கு வந்தாள். முதலாளி பகவதிப்பெருமாள் அண்ணாச்சி அதற்குள் விஷயத்தைக் கேள்விப்பட்டிருந்தார்.

"அவ சாமிக்கு நன்றி சொல்ல நீ யாருட்டி? அவ சாமி, அவ பாடு! அதுல எவன்ட்டி இந்த ராஜமணி?"

அக்கா தலை நிமிராமல் சொன்னார். கம்ப்யூட்டர் வந்த புதிதில் அடித்த முதல் ஆய்வேடு ஒரு ஏழைப் பையனுடையது. ராஜமணி அவனுக்குக் காசு வாங்காமல் சோறு போட்ட மெஸ்காரர். அதற்குப் பிறகு வந்தவர்களுக்கெல்லாம் அக்கா கீழே உள்ள பெயர்களைத்தான் மாற்றினார். முதல் பத்தி சாமியுடையது, அதில் கைவைக்க ஒன்றுமில்லை என்று அதைத் திரும்பிப் படித்ததே இல்லை. மாணவர்களும் படித்ததில்லை.

"சாமி பேரில்லாம பொஸ்தகம் வெளிய போனா பிள்ளைக்கு ஒண்ணு வந்துருமோன்னு பேடிச்சுட்டேன் மோளே. சாமி, ராஜமணி ரெண்டையும் எடுத்துருதேன்."

திவ்யா நாற்காலியின் விளிம்பில் உட்கார்ந்தாள். "ஆத்துல ஒரு காப்பி இருக்கு அக்கா. அப்பா வாசிச்சுட்டார். மூணு வருஷமா என் ஆராய்ச்சியைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டதில்லை. இப்போ வரவா போறவா எல்லார்கிட்டயும் காட்டறார். பகவானைத்தான் முதல்ல சொல்லியிருக்கா பாருங்கோன்னு."

"ஐயோ."

"ராஜமணி யாருன்னு கேட்டார். பெரிய புரொஃபசர்னு சொல்லிட்டேன்."

சொல்லிவிட்டு அவள் தரையைப் பார்த்தாள். வைவா அன்று அத்தனை பேர் சிரித்தபோதுகூட அவள் அப்படிக் குனியவில்லை.

"வேண்டாம் மோளே," என்றார் அக்கா. "நான் செஞ்ச காரியத்துக்கு நீ பொய் சொல்லாதே. உள்ளதை அப்பாகிட்ட சொல்லிரு. நான் வேணும்னா வந்து சொல்லுதேன்."

"வேண்டாம் அக்கா. ஆத்துல இருக்கறதை நான் தொடலை. லைப்ரரிக்குப் போறதுல மட்டும் எடுத்துடுங்கோ."

அக்கா அந்தப் பத்தியைத் தேர்வு செய்தார். திரையில் அது கறுப்பாகத் திரண்டு நின்றது. விரல் டெலிட் பட்டனுக்கு மேலே போய் நின்றது, இறங்கவில்லை. கீழே கோயிலில் யாரோ தேங்காய் உடைத்தார்கள். அக்கா அழுத்தினார். அழுத்திய விரலைப் பழக்கத்தில் கண்ணில் ஒற்றிக்கொள்ளக் கொண்டுபோய், பாதியிலேயே நிறுத்திவிட்டார்.

அந்தப் பழைய ஃபைல் இப்போது இல்லை. புது ஆய்வேட்டுக்கு இன்னமும் தேங்காய் உடைக்கிறார். அது அவர் காசு, அவர் சாமி. ஆனால் "நன்றியை நீங்களே போட்டிருங்க சேச்சி" என்று வருகிறவர்கள் பக்கம் ஒரு வெள்ளைத்தாளையும் பேனாவையும் தள்ளிவிடுகிறார். சிலர் முதல் வரிக்கே வெகுநேரம் பேனாவைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் எழுதி முடிக்கும்வரை அக்கா அந்தப் பக்கம் திரும்புவதில்லை.