குழாய் இருக்கிறதா: ஆம்

அரசாங்கம் சொல்வதை லேசில் நம்பாதவள் என்று எங்கள் ஆசிரியர் அறையில் எனக்கு ஒரு பேர் உண்டு. பேப்பரில் 'அனைத்து வீடுகளுக்கும் வழங்கப்பட்டுவிட்டது' என்று எதைப் படித்தாலும், 'யார் போய் எண்ணிப் பார்த்தது?' என்று சத்தமாகக் கேட்டுவிடுவேன். மற்றவர்கள் சிரித்துக்கொண்டே டிபன் பாக்ஸை மூடுவார்கள். யார் போய் எண்ணியது என்று இப்போது எனக்கே தெரியும். நான்தான்.

எனக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் வீடு, ராஜபாளையத்தில் பள்ளிக்கூடம். காலையில் ஒரு பஸ், சாயங்காலம் ஒரு பஸ். இதற்கு நடுவில் பாடம் நடத்துவதைத் தவிர மற்ற எல்லா வேலைக்கும் எங்களைக் கூப்பிடுவார்கள். ஓட்டுப் போடும் நாளா, ஆசிரியர். ஆள் எண்ணிக்கையா, ஆசிரியர். ஆடு மாடு எண்ணத்தான் இன்னும் கூப்பிடவில்லை. அந்தக் கோடை விடுமுறையில் குடிநீர்க் கணக்கெடுப்பு வந்தது. சோழபுரம் போகிற பக்கம் புதிதாக வீடுகள் எழும்பிய ஒரு தெரு எனக்கு விழுந்தது.

அதற்கு முன் அரைநாள் பயிற்சி கொடுத்தார்கள். ஒரு டீ, ஒரு வடை, ஒரு அதிகாரி. அவர் படிவத்தைத் தூக்கிக் காட்டி, "வீட்டில் குழாய் இருக்கிறதா, ஆம், இல்லை. அவ்வளவுதான். தண்ணி வருதா, எப்ப வருது, எப்படி வருதுன்னு கதை கேட்டுட்டு உக்காந்துராதீங்க. அதுக்கு இதுல கட்டம் இல்ல" என்றார். நியாயமாகப் பார்த்தால் அங்கேயே எழுந்து நான் ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும். ஆசிரியர் அறையில் கேட்கிற வாய் அங்கே திறக்கவில்லை. மின்விசிறி ஓடவில்லை, எல்லோருக்கும் வீட்டுக்குப் போகிற அவசரம். எனக்கும்தான்.

மறுநாள் வெயிலில் தெருவின் ஒரு முனையிலிருந்து ஆரம்பித்தேன். ஒவ்வொரு வாசலிலும் சிமென்ட் பூசிய சின்ன மேடை, அதில் ஒரு நீலக் குழாய். மூன்றாவது வீட்டில் ஒரு பெண் வெளியே வந்தாள். நூற்பு மில்லில் வேலை. என் வயதில் பாதிதான் இருக்கும். புருஷன் வெளியூரில் ஹோட்டல் வேலையில் இருந்தான். குழாய் இருக்கிறதா என்று கேட்டேன்.

"குழா இருக்கு டீச்சர். மாட்டி எட்டு மாசமாச்சு. தண்ணிதான் ஒரு சொட்டு வரல."

"அது இதில் இல்லம்மா. குழாய் இருக்கா இல்லையா, அத மட்டும் சொல்லு."

அவள் குழாயைத் திரும்பிப் பார்த்தாள். "இல்லைன்னு போட்டா இதையும் பிடுங்கிட்டுப் போயிருவாகளோ? இருக்குன்னே போட்டுருங்க."

போட்டேன். தெருவில் இருந்த அத்தனை வீட்டுக்கும் போட்டேன். கடைசிப் பக்கத்தில் என் கையெழுத்தையும் போட்டுவிட்டு, கடையில் ஒரு சர்பத் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

அதற்குப் பிறகு நடந்ததை அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். பள்ளிக்கூடம் திறந்து சில வாரம் கழித்து, ஒரு மாலையில் பள்ளி வாசலில் எனக்காகக் காத்து நின்றாள். அதுவரை ஐந்தாறு நாளைக்கு ஒருமுறை அவர்கள் தெருவுக்குத் தண்ணீர் லாரி வந்துகொண்டிருந்தது. கணக்கெடுப்பு முடிந்ததும் லாரி நின்றுவிட்டது. குழாய் இருக்கிற தெருவுக்கு எதற்கு லாரி? தெரு முனையில் ஒரு போர்டும் வைத்துவிட்டார்கள், எல்லா வீடுகளுக்கும் குழாய் வழியாகக் குடிநீர் வழங்கப்பட்ட தெரு என்று. இப்போது ஜனம் எல்லாம் மெயின் ரோட்டைத் தாண்டி ஒரு தென்னந்தோப்புப் பம்புசெட்டில் பிடிக்கிறார்கள். தோப்புக்காரர் நல்லவர், தடுப்பதில்லை. ஆனால் அவர் மோட்டார் போடுவதே காலையில் மும்முனை மின்சாரம் வருகிற ஒன்றரை மணி நேரம்தான். மில் வேன் வருவதும் அதே நேரம்.

"தண்ணி எடுத்தா வேன் போயிருது. வேனப் பிடிச்சா வீட்டுல குடிக்கத் தண்ணி இல்ல. இந்த மாசம் எம்புட்டு நாள் லீவு போட்டேன்னு எனக்கே தெரியல டீச்சர். சூப்பர்வைசர்ட்ட காரணத்தச் சொன்னா, ஒங்க தெருவுல போர்டே வச்சிருக்காக, வீடு வீட்டுக்குத் தண்ணி வருதாம்ல, யார்ட்ட கத விடுறன்னு கேக்குறாரு. இன்னும் ஒரு நாள் வரலன்னா வேலைக்கே வர வேண்டாம்னுட்டாரு."

ஒரு மனு எழுதித் தரச் சொன்னாள். எழுதினேன். கரும்பலகையில் எழுதுகிற மாதிரி குண்டு குண்டாக, அடித்தல் திருத்தல் இல்லாமல். கணக்கெடுத்தவள் நான்தான் என்பதை மட்டும் எழுதவில்லை. எழுத மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது பொய்.

அந்த வாரம் மாதாகோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு, செய்த பாவங்களைச் சாமியாரிடம் சொல்லப் போனபோதும் இதைச் சொல்லலாமா என்று யோசித்தேன். பத்துக் கட்டளையில் எதன் கீழ் சொல்வது? பொய்ச்சாட்சி என்றால் குழாய் இருந்ததே. கோபப்பட்டது, ஜெபத்தில் பராக்குப் பார்த்தது என்று வழக்கமான பட்டியலைச் சொல்லிவிட்டு வந்தேன். வரும்போது அவமானமாக இருந்தது.

பதில் வர மாதக்கணக்கானது. அவளே எடுத்துக்கொண்டு வந்தாள். 'கணக்கெடுப்பின்படி மேற்படி தெருவில் உள்ள அனைத்து வீடுகளுக்கும் குடிநீர்க் குழாய் இணைப்பு உள்ளது உறுதி செய்யப்படுகிறது. மனு முடித்து வைக்கப்படுகிறது.' ஆதாரம் கேட்டுவிடுவோம் என்று நினைத்தார்களோ என்னவோ, படிவத்தின் கடைசிப் பக்கத்தை நகலெடுத்துப் பின்னால் குத்தியிருந்தார்கள். என் கையெழுத்து நன்றாகவே விழுந்திருந்தது.

அதற்குள் அவளுக்கு மில் வேலை போயிருந்தது. ஒரு வீட்டில் பாத்திரம் தேய்க்கப் போய்க்கொண்டிருந்தாள்.

"இது நான் போட்ட கையெழுத்தும்மா. லாரி நின்னது என்னாலதான்" என்றேன்.

"தெரியும் டீச்சர். நீங்கதான வந்து எழுதிட்டுப் போனீக. அதான் ஒங்களத் தேடி வந்தேன்." அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும். "நீங்க எழுதுனா அவிய நம்புறாகல்ல. அப்ப நீங்களே தண்ணி வரலைன்னு மாத்தி எழுதுங்களேன்."

இத்தனை வருஷமாக அரசாங்கம் என்று நான் திட்டிக்கொண்டிருந்தது சென்னையிலோ டில்லியிலோ உட்கார்ந்திருக்கிற யாரையோ. அவளைப் பொறுத்தவரை அரசாங்கம் என்பது வெயிலில் குடை பிடித்துக்கொண்டு வாசலில் வந்து நின்ற நான்தான். லாரியை அனுப்பியதும் அவளுக்கு அரசாங்கம், நிறுத்தியதும் அரசாங்கம். அதில் என் பங்கு ஒரு டிக். அதைப் போட எனக்கு ஒரு விநாடிகூட ஆகவில்லை.

அவள் பேரில் இன்னொரு மனு எழுதினேன். கூடவே என் பேரில் ஒரு கடிதம்: இந்தத் தெருவைக் கணக்கெடுத்தவள் நான், குழாய் இருக்கிறது, தண்ணீர் வரவில்லை, சொல்லக் கேட்டும் அதை எழுதாமல் விட்டது என் தவறு. தலைமை ஆசிரியை படித்துப் பார்த்தார். "சும்மா கிடக்குறத எதுக்குங்க கிளறுறீங்க? மெமோ வரும். ரிட்டையர் ஆக இன்னும் நாலு வருஷம் இருக்கு உங்களுக்கு" என்றார். அவர் சொன்னதில் தப்பு ஒன்றும் இல்லை. இரண்டு நாள் கடிதத்தைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு பஸ்ஸில் போய்வந்தேன். மூன்றாம் நாள் அலுவலகத்தில் கொடுத்தேன்.

இந்த முறை பதில் சீக்கிரமே வந்தது. ஒரே அலுவலகத்திலிருந்து, ஒரே வாரத்தில், இரண்டு தாள்கள். அவளுக்கு வந்தது பழைய பதில்தான், தேதி மட்டும் புதிது: கணக்கெடுப்பின்படி அனைத்து வீடுகளுக்கும் குழாய் உள்ளது, மனு முடித்து வைக்கப்படுகிறது. எனக்கு வந்தது மெமோ. 'மேற்படி தெருவில் குடிநீர் வராத நிலையில், அதனைத் தெரிவிக்காமல் தவறான தகவல் அளித்தமைக்காகத் தங்கள் மீது ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது?' இரண்டிலும் கீழே இருந்த கிறுக்கல் கையெழுத்து ஒரே ஆளுடையது.

சிரிப்பு வந்தது, பிறகு வயிற்றெரிச்சலாக இருந்தது. அவளிடம் இரண்டையும் காட்டினேன். எழுத்துக்கூட்டி மெதுவாகத்தான் படிப்பாள். தன் தாளைப் படித்து மடித்து வைத்தாள். என் மெமோவை இரண்டு முறை படித்தாள்.

"அப்ப தண்ணி வரலைன்னு அவியளுக்குத் தெரியும்."

"தெரிஞ்சிருக்கு."

"இதுல கவர்மென்ட் சீல் இருக்குல்ல டீச்சர்?"

"இருக்கு."

"இதுல ஒரு ஜெராக்ஸ் எனக்குத் தாங்க. மில்லுல காட்டணும். நான் பொய் சொல்லலன்னு இந்த ஒரு தாள்லதான் போட்டிருக்கு." பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்களுக்கு ஒண்ணும் ஆயிராதே?" என்று கேட்டாள்.

ஒன்றும் ஆகாது என்றேன். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். என் பேர் இருக்கிற இடத்தை மறைத்து எடுக்கட்டுமா என்று கடைக்காரர் கேட்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அவள் அதைப் பாலிதீன் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு போனாள்.

சூப்பர்வைசர் அதை முழுதாகப் படித்தாராம். அவளைத் திரும்ப வேலைக்கு எடுத்து மதிய ஷிப்டில் போட்டுக்கொண்டார். மெமோவுக்கு நான் கொடுத்த விளக்கத்தை அலுவலகத்தில் ஏற்கவில்லை. மெமோ என் பணிப்பதிவேட்டில் ஏறிவிட்டது. தெரு முனையில் போர்டு இன்னும் நிற்கிறது. அவளுக்குக் காலையில் பம்புசெட், மதியம் வேன். வாசலில் அந்த நீலக் குழாய் அப்படியே இருக்கிறது. அந்த மட்டில் நான் போட்ட டிக் சரிதான்.