கையெழுத்தைப் பார்த்தவன்

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடும் இசக்கி, தங்கத்தாய் தன் இலத்தூர் வயலை மகளுக்கு எழுதிய உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருந்தான். தங்கத்தாய் இறந்ததும் அவள் கொழுந்தன் சொரிமுத்து, உயில் பொய் என்று வழக்காடினான். இன்னொரு சாட்சி பயந்து புனலூருக்கு ஓடிவிட்டான்.

1979 சாரல் சீசனில் சொரிமுத்துவின் ஆட்கள் இசக்கியை அருவிக்கரைப் பாறையில் அமுக்கிப் பிடித்தார்கள்.

"அவ கையெழுத்துப் போட்டதப் பாக்கலன்னு கோர்ட்டுல சொல்லுதியாலே?" என்றான் சொரிமுத்து.

"பாத்தேன் அண்ணாச்சி. பாத்தத எப்படி இல்லங்கிறது?"

கருங்கல்லால் அவன் வலது கை விரல்களை நசுக்கினார்கள். அலறல் அருவி இரைச்சலில் அமுங்கிப்போனது.

தென்காசி கோர்ட்டில் கட்டுப்போட்ட கையோடு கூண்டேறினான். "ஆச்சி என் கண்ணு முன்னால கையெழுத்துப் போட்டாவ. அதப் பாத்துட்டுத்தான் நான் போட்டேன்" என்றான்.

வயல் மகளுக்கே கிடைத்தது. இசக்கியின் விரல்கள் பிறகு நிமிரவேயில்லை; எண்ணெய் தேய்க்கும் தொழிலும் போயிற்று. அரிவாளை இடது கையில் பிடிக்கப் பழகிக்கொண்டு, அந்த வயலுக்கே காவல் இருந்தான்.