இரவல் வாங்கிய குடும்பப்பெயர்

எங்கள் குடும்பப்பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. எழுதினால் கண்டியில் பாதிப் பேர் நாங்களும் உங்கள் சொந்தம்தான் என்று பெட்டி படுக்கையோடு வந்து இறங்குவார்கள். மீதிப் பேர் வழக்குப் போடுவார்கள். அது ஒரு போர்த்துக்கீசப் பெயர் என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். நீர்கொழும்புக் கடற்கரையில் கண்ணை மூடிக்கொண்டு கல்லெறிந்தால் அந்தப் பெயருள்ள யாராவது ஒருவர் தலையில்தான் விழும். ஆனால் முப்பதுகளில், எங்கள் அப்பாவைப் பொறுத்தவரை, உலகத்தில் அந்தப் பெயருக்கு ஒரே ஒரு பரம்பரைதான் இருந்தது. அது எங்களுடையது.

அப்பா கண்டியில் தோட்டத் துரைமார் சாமான் வாங்கும் கடையொன்றில் கிளாக்கர். டின்னில் அடைத்த சீமை வெண்ணெய்க்கும் பன்றித்தொடைக்கும் பில் எழுதியே தலை நரைத்தவர். அவற்றை ருசி பார்த்தவர் இல்லை. ஆனால் வீட்டு வாசலில் அந்தப் பெயரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டியிருந்தார். அந்தக் காலத்தில் டாக்டர் வீட்டுக்கும் புரக்டர் என்கிற வக்கீல் வீட்டுக்கும்தான் அப்படித் தகடு இருக்கும். அதனால் வாரத்துக்கு ஒருவராவது வயிற்றைப் பிடித்துக்கொண்டோ காணிச் சண்டையோடோ எங்கள் கதவைத் தட்டுவார்கள். அம்மா அவர்களுக்கு இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து அனுப்புவாள். சிலருக்குக் குணமாகிவிட்டது என்றும் கேள்வி.

அப்பாவின் இந்தப் பைத்தியத்துக்கு ஊரும் ஒரு காரணம். கண்டியில் பெயர் என்றால் சும்மா இல்லை. பெரிய சிங்கள வீட்டார் ஊர், வீடு, பாட்டன் வாங்கிய பட்டம் எல்லாவற்றையும் கோத்து ஒரு முழத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். அதைச் சொல்லி முடிப்பதற்குள் ரயில் பேராதனை தாண்டிவிடும். யாழ்ப்பாணத்து ஆபீஸ்காரர்கள் தகப்பன் பெயரின் முதலெழுத்தை முன்னால் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்தார்கள். தெல்தோட்டைப் பக்கத் தோட்டங்களில் எல்லோருக்கும் குலசாமி பெயர்தான். லயத்து வீட்டு வரிசைக்கு முன்னால் நின்று ஒரு பெயரைக் கூப்பிட்டால் ஐந்து கதவு திறக்கும். நாங்கள் கத்தோலிக்கர். ஞானஸ்நானத்தில் வைத்த புனிதர் பெயர் ஒன்று, அது வாயில் நுழையாததால் வீட்டில் கூப்பிட ஒன்று, இரண்டுக்கும் பின்னால் வால் மாதிரி அந்தப் பறங்கிப் பெயர்.

எதிர்க்கடை முஸ்லிம் முதலாளி ஒருநாள் அப்பாவிடம் பேச்சுவாக்கில் கேட்டார். "எங்கட பேருக்கு ஆண்டவனுக்கு அடிமைண்டு கருத்து. உங்கட பேருக்கு என்ன கருத்து, கிளாக்கர் ஐயா?"

அப்பாவுக்குத் தெரியவில்லை. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் கோயிலுக்குப் போய் வெள்ளைக்காரச் சாமியாரைப் பிடித்துக்கொண்டார். அவர் யோசித்துவிட்டு, அது ஏதோ ஒரு பழமரத்தின் பெயர், அந்த மரங்களுக்குப் பக்கத்தில் குடியிருந்தவர்களுக்கு அப்படி ஒட்டிக்கொண்டிருக்கும் என்றார். வேறு யாராவது என்றால் மனம் விட்டுப் போயிருக்கும். அப்பா வீட்டுக்கு வந்து, நம் முன்னோர்களுக்குச் சீமையில் பெரிய பழத்தோட்டம் இருந்திருக்கிறது என்றார்.

இந்தச் சமயத்தில்தான் எனக்குக் கல்யாணப் பேச்சு வந்தது. மாப்பிள்ளை கம்பளையில் பள்ளிக்கூட வாத்தியார். திருநாளுக்குக் கண்டிக்கு வந்து எங்கள் பாடகர் குழுவுக்கு ஆர்மோனியம் வாசிப்பார். குனிந்த தலை நிமிராமல் வாசிப்பவர், நான் பாடும் இடத்தில் மட்டும் நிமிர்ந்து பார்ப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. சுற்றி வளைக்காமல் சொல்கிறேன், அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்வதில்லை என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன்.

அவருக்கும் அதே குடும்பப்பெயர்தான். முதலில் அதுவே பெரிய பொருத்தமாகத் தெரிந்தது. நிச்சயம் பேச வந்த அன்று இரண்டு அப்பாமாரும் முன்விறாந்தையில் கதிரை போட்டு உட்கார்ந்து, பெயரின் பெருமையைப் பேச ஆரம்பித்தார்கள். கண்டிக் குளத்துக்கு மேலே இருந்த பழைய பங்களாவில், தேயிலைக்கு முந்திய கோப்பிக் காலத்தில் வாழ்ந்த பறங்கிக் கனவான்தான் எங்கள் மூதாதை என்றார் அப்பா. கம்பளைக்காரர் விட்டுக்கொடுப்பாரா? அந்தக் கனவானேதான் தங்கள் மூதாதை என்றார், அவருடைய நாற்காலியே தங்கள் வீட்டில் இருப்பதாகவும் சொன்னார். கோழிக்கறி சாப்பிட்டுக் கைகழுவும் வரைக்கும் இருவரும் அந்தச் செத்துப்போன மனிதரைத் தங்கள் தங்கள் பக்கம் இழுத்தார்கள். இதில் உள்ள ஆபத்து ஒருவருக்கும் உறைக்கவில்லை.

கோயிலில் முதல் ஞாயிறு கல்யாண ஓலை வாசித்தபோது உறைத்தது. கட்டிக்கொள்ளப் போகிறவர்களின் பெயரை மூன்று ஞாயிறு கோயிலில் வாசித்து, தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று கேட்பது எங்கள் வழக்கம். சாமியார் இன்னாருடைய மகன் இன்னார், இன்னாருடைய மகள் இன்னார் என்று வாசிக்க, அந்தப் பெயர் நாலு தடவை திரும்பத் திரும்ப வந்தது. பெண்கள் பக்கத்தில் குசுகுசுப்பு. பூசை முடிந்ததும் உபதேசியாரின் மனைவி சாமியாரிடம் போனாள். இரண்டு வீட்டாரும் ஒரே பங்களாக்காரரின் வம்சம் என்று ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்கள், அப்படியென்றால் பங்காளிகள், மாப்பிள்ளைக்குப் பெண் தங்கச்சி முறை, இது அடுக்குமா என்றாள். சாமியார் அடுத்த ஓலையை நிறுத்திவைத்தார்.

கம்பளையிலிருந்து உடனே ஆள் வந்தது. தங்கள் பரம்பரை சுத்தமானது, எனவே எங்களுடையதுதான் பொய்யாக இருக்க வேண்டும், அதை அப்பா சாமியார் முன்னால் ஒத்துக்கொண்டால் கல்யாணம் நடக்கும், இல்லாவிட்டால் இல்லை. அப்பா அந்த ஆளிடம் அதையே திருப்பிச் சொல்லி அனுப்பினார். யாராவது ஒருவர் பொய்யர் என்று ஆனால்தான் எனக்குத் தாலி. இரண்டு பேருமே பொய் சொல்கிறார்கள் என்று நான் ஏற்கெனவே சந்தேகப்பட்டிருந்தேன், ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை.

அன்று மத்தியானம் சாப்பாட்டில் கை வைத்தபடி அப்பா அம்மாவிடம் உண்மையைச் சொன்னார். நானும் அங்கேதான் இருந்தேன்.

"எங்க அப்பா அந்த பங்களாவுல குதிரைக்காரரு. ஞானஸ்நானம் எடுத்தப்ப பறங்கி ஐயாதான் ஞானத்தகப்பன். பழைய கோட்டு ஒண்ணும் குடுத்தாரு, பேரும் குடுத்தாரு."

"அப்ப அவங்க?" என்றாள் அம்மா.

"கம்பளைக்காரரோட அப்பா அங்க குசினிக்காரரு, சமையல் அவரு கையில. ரெண்டு பேருக்கும் ஒரே நாள்லதான் ஞானஸ்நானம், அதே பேரு. ஐயா செத்து பங்களாவ வித்தப்ப, அந்த மனுசன் கைப்புள்ளையத் தூக்கிக்கிட்டு கம்பளைக்குப் போனாரு. அந்தக் கைப்புள்ளைதான் இப்ப நம்ம சம்பந்தி. அவருக்கு ஒண்ணும் தெரியாது. அப்பன் சொன்ன கதைய நம்பிக்கிட்டு இருக்காரு."

அம்மாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. "அப்புறம் என்ன? ரெண்டையும் போட்டு ஒடைங்க. சரிக்குச் சரியாப் போயிரும்."

எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. குதிரைக்காரர் பேத்திக்கும் குசினிக்காரர் பேரனுக்கும் முறையும் தட்டாது, ஒருவரை ஒருவர் இளக்காரமாகப் பார்த்துச் சிரிக்கவும் முடியாது. சாமியார் எல்லோரையும் வரச் சொன்ன நாளில் அந்தத் தைரியத்தில்தான் நான் போனேன்.

சாமியார் வீட்டில் கம்பளைக்காரர் கோட்டும் தலைப்பாகையுமாக உட்கார்ந்திருந்தார். மாப்பிள்ளை ஜன்னல் பக்கம் நின்றார். அப்பா உட்காரவில்லை. கையைக் கட்டிக்கொண்டு, எங்கள் வீட்டுக் கதையை, பழைய கோட்டு கொடுத்ததைக்கூட விடாமல் சொன்னார். அவ்வளவு நேரான குரலில் அவர் பேசி நான் கேட்டதில்லை. சாமியார் தலையாட்டினார். அப்படியானால் தடை ஒன்றும் இல்லை என்றார்.

கம்பளைக்காரர் செருமினார். "தடை இல்லைதான், சாமி. ஆனா குதிரைக்காரர் வீடுன்னு இப்பத்தானே தெரியுது. நாங்க கொஞ்சம் யோசிக்கணும்."

போன வாரம் வரைக்கும் நாங்கள் அவருக்குக் கட்டிக்கொள்ள முடியாத அளவுக்கு நெருங்கிய சொந்தம். இப்போது கட்டிக்கொள்ள முடியாத அளவுக்குத் தூரம். இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு பெண் கல்யாணம் செய்துகொள்வதற்கு எவ்வளவு இடம் இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. நான் அப்பாவைப் பார்த்தேன். சொல்லுங்கள், இப்போதாவது சொல்லுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன்.

கம்பளைக்காரரே அதற்கு வழி திறந்துவிட்டார். "நீங்க அந்த பங்களாவுல வளந்தவருதானே? எங்க அப்பாவ அங்க பாத்திருப்பீங்களே. சாமிகிட்ட நீங்களே சொல்லுங்க."

அப்பா கட்டிய கையை அவிழ்த்துச் சாமியார் பக்கம் திரும்பினார். பிறகு சொன்னார். "பாத்திருக்கேங்க. நல்ல மனுசன். பறங்கி ஐயா அவரு இல்லாம ஒரு வேளை சாப்பிட்டதில்ல."

கம்பளைக்காரர் சாமியாரைப் பெருமையோடு பார்த்தார். மாப்பிள்ளை ஜன்னலிலிருந்து திரும்பினார். "யோசிக்கிறதுக்கு ஒண்ணும் இல்லப்பா. கட்டிக்கப் போறவன் நான், நான் யோசிச்சு முடிச்சிட்டேன்" என்றார். ஆர்மோனியத்துக்கு வெளியே அவர் அவ்வளவு சத்தமாகப் பேசியது அன்றுதான். அவருடைய அப்பா நல்ல மனநிலையில் இருந்ததால், பெருந்தன்மையோடு, குதிரைக்காரர் வீடானாலும் பெண் நல்ல பெண் என்று சம்மதித்தார்.

குளக்கரை வழியாக வீட்டுக்கு நடந்தோம். எனக்குச் சந்தோசமாக இருந்திருக்க வேண்டும், ஆத்திரம்தான் வந்தது. பாதி வழியில் நின்றுவிட்டேன்.

"ஏன் சொல்லலைப்பா? அந்த ஆளு உங்கள அவ்வளவு கேவலமாப் பேசினாரு. அவங்க அப்பா குசினிக்காரருன்னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா என்ன?"

"சொல்லியிருந்தா அவருக்கும் போயிருக்கும்."

"போகட்டுமே."

அப்பா குடையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "நல்ல பேரு, புள்ள. என்கிட்ட இருந்து உனக்குக் குடுக்க முடியாமப் போச்சு. அவங்க வீட்டுலயாவது இருந்தாத்தானே உனக்கு வரும்."