வலது கையைக் கேட்டால் இடது கை வரும்

உயர்நிலைக் கரிம வேதியியல் படிக்கிறவர்கள் பஸ்ஸில் உட்கார்ந்து தங்கள் இரண்டு கைகளையும் மாறி மாறித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தால் தயவுசெய்து டாக்டரிடம் கூட்டிப்போக வேண்டாம். அது எங்கள் பாடம். சில மூலக்கூறுகள் வலது கையும் இடது கையும் போல ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருக்கும். வேண்டிய கையை மட்டும் உண்டாக்குவதுதான் எங்கள் பிழைப்பு. இதில் மாட்டிக்கொண்ட சக பாவிகளே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

பாதி போதும்

என் புராஜெக்ட், வாழைத்தண்டைத் துளைக்கும் கூன்வண்டை இழுக்கும் வாசனைப்பொருளைத் தயாரிப்பது. தாமிரபரணிக் கரை நெடுக வாழை, ஆகவே வண்டுக்குப் பஞ்சமில்லை. எங்களுக்கு வேண்டியது வலது கை. சீனியர்கள் காலங்காலமாகச் செய்துவரும் வழியிலோ இரண்டும் சரிபாதிக் கலவையாக வரும். நான் கடைசிப் பொருளில் தொடங்கி, பின்னோக்கி உடைத்துக்கொண்டே போய், வலது கை மட்டும் வரும்படி ஒரு புது வழி போட்டேன்.

கைடு சாரோடு ஒரு மதியம் முழுக்க வாக்குவாதம். ரிவ்யூவுக்குள் செய்து காட்டாவிட்டால் சீனியர் வழிக்கே திரும்ப வேண்டும் என்ற நிபந்தனையோடுதான் சம்மதித்தார். அப்போதும் மனசு ஆறவில்லை. "ஏம்மா, பாதி கிடைக்குதுல்லா? மீதியைக் கீழ கொட்டிர வேண்டியதுதான?"

மைனஸ் எழுபத்தெட்டு

என் வழியின் முக்கியமான வினை மைனஸ் எழுபத்தெட்டு டிகிரியில் நடக்க வேண்டும். குளிர் குறைந்தால் இரண்டு கையும் கலந்துவிடும். மே மாதத் திருநெல்வேலியில், ஃபேனைப் போட்டால் அனல் இறங்கும் ஆய்வகத்தில் இது. எங்கள் ஃபிரிட்ஜ் ஊழியர்களின் தயிரைக் காப்பாற்றவே திணறிக்கொண்டிருந்தது.

அந்தக் குளிருக்கு உலர்பனி, அதாவது டிரை ஐஸ், தேடிப் பாளையங்கோட்டையில் ஒரு ஐஸ்கிரீம் குடோனுக்குப் போனேன். பெட்டிகளுக்கு அடியில் புகைந்துகொண்டிருந்த கட்டிகளைக் காட்டி, இதுதான் வேண்டும் என்றேன். அண்ணாச்சி என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஐஸ்கிரீம் வேண்டாம், அதுக்கு அடியில கெடக்கதுதான் வேணுங்கீய. வீட்டுல தெரியுமாம்மா?"

கலப்படமில்லாத தப்பு

வினை முடிந்தது. பொருள் ஒளியை எவ்வளவு திருப்புகிறது என்று கருவியில் பார்த்தேன். வலது கைக்கு ஆய்வுக் கட்டுரையில் போட்டிருந்த அதே அளவு. நான் குதிக்காத குறை. பக்கத்து மேசை ஃபாத்திமா, மேலப்பாளையத்துக்காரி, திசையைப் பார்த்தாள். கட்டுரையில் வலப்பக்கம் திரும்பியிருந்தது, எங்களுடையது இடப்பக்கம்.

காரணத்தைத் தோண்டினோம். அந்த வாக்குவாத மதியத்தில், போர்டில் இடம் பற்றாமல், சார் என் மூலக்கூறைத் தோசை மாதிரி திருப்பிப்போட்டு வரைந்திருந்தார். திருப்பினால் முன்னால் நீட்டிய கோடு பின்னால் போக வேண்டும். அவர் அப்படியே விட்டதில் படத்தில் வலது கை இடது கையாகிவிட்டது. ஜெயிக்கிற மும்முரத்தில் இருந்த நானும் அந்தப் படத்தைப் பார்த்தே, எந்தக் கை வரும் என்று தீர்மானிக்கும் வினைபடுபொருளைத் தேர்ந்தெடுத்திருக்கிறேன். ஃபாத்திமா நிதானமாகச் சொன்னாள்: "ஏட்டி, கலப்படமே இல்லை. சுத்தமான இடது கை."

தீர்ப்பு

'உன் வழி' தோற்றுவிட்டது, சீனியர் வழிக்குப் போ என்றார் சார். வினைபடுபொருளின் கண்ணாடிப் பிம்பத்தை வாங்கிப் போட்டால் இதே வழியில் வலது கை வரும் என்று நான் தொண்டை வறளக் கத்தினேன். காதில் வாங்கவில்லை. எனவே ரிவ்யூவில், குழுவின் முன்னால், தோசைத் திருப்பல் உட்பட எல்லாவற்றையும் மரியாதையாக எடுத்துச் சொன்னேன். சார் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வெளியூரிலிருந்து வந்திருந்த பேராசிரியை என் தாளை இரண்டு தரம் புரட்டினார். ஒரு கையை இவ்வளவு சுத்தமாக எடுத்ததே வழி சரி என்பதற்குச் சாட்சி, வினைபடுபொருளை மாற்றிவிட்டுத் தொடரட்டும் என்றார். அதுவரை ஃபேனைப் பார்த்தவர் சட்டென்று எழுந்தார். "அதனாலதான் மேடம், நாங்க இந்த வழியைப் பிடிச்சோம்."

தோற்றபோது முழுக்க 'உன் வழி', தேறியபோது முழுக்க 'நாங்க': எங்கள் துறையில் உலர்பனி எதுவும் இல்லாமல் மே மாதத்திலேயே துளிக் கலப்படமின்றி நடக்கும் வினை இது ஒன்றுதான்.