மொட்டைமாடியில் நான்கு கொடிகள்

தூத்துக்குடியில் கப்பல்களுக்குச் சாமான் கொடுக்கும் கடை ஒன்றில் வேலை பார்க்கிறேன். கயிறு, பெயின்ட், லைஃப் ஜாக்கெட் எல்லாம் விற்போம். எனக்குப் பிடித்தது கொடிகள்தான். ஒவ்வொரு கொடியும் ஓர் இங்கிலீஷ் எழுத்து. அதே கொடி தனியாகப் பறந்தால் ஒரு முழுச் செய்தி. வெள்ளையும் நீலமுமான ‘ஏ’ பறந்தால், கீழே ஆள் மூழ்கியிருக்கிறான், விலகிப் போ என்று பொருள். சங்கு குளிக்கிறவர்கள் இதைத்தான் கேட்டு வாங்குவார்கள். ஒரு துண்டுத் துணிக்குள் இத்தனை பேச்சை மடித்து வைத்தவர் நிச்சயம் என்னைப் போல வாயாடியாக இருந்திருக்க மாட்டார்.

மாலத்தீவுக்குச் சரக்குத் தோணி ஓட்டும் தண்டல் ஒருவர் கொடி வாங்க வந்தார். ஒரே நாளில் முழு செட்டையும் வாங்கிப் போயிருக்கலாம். அவரோ வாரத்துக்கு ஒரு கொடியாக வாங்கினார். பாதி செட் சேர்வதற்குள் எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவர்தான் இப்போது என் கணவர்.

போன தை மாதம் அவர் மாலேவுக்குக் கிளம்பிய பிறகுதான் நான் உண்டாகியிருப்பது தெரிந்தது. போனில் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. தோணி திரும்பும்போது எங்கள் மொட்டைமாடியிலிருந்து தெரியும். அவரும் பைனாகுலரில் வீட்டைத் தேடுவார். வேறு யாரும் சொல்லுமுன் அவர் அதைக் கடலில் வைத்துத் தன் கண்ணால் படிக்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தேன். மாமியாருக்கோ வாயில் எதுவும் தங்காது. மகன் கூப்பிட்டபோதெல்லாம் ஒரு முறுக்கை வாயில் திணித்துக்கொண்டு போனை என்னிடம் நீட்டிவிடுவார். அம்மாவுக்குப் பல்வலியா என்று அவர் விசாரித்தார்.

என்ன எழுதுவது? தமிழுக்கு இருநூற்று நாற்பத்தேழு எழுத்து, ஒன்றுக்குக்கூடக் கொடி கிடையாது. வாட்ஸ்அப்பில் தட்டுவதுபோல இங்கிலீஷ் எழுத்தில்தான் தமிழை எழுத வேண்டும். ‘குழந்தை’ என்று எழுதினால் கம்பம் போதாது. ‘அப்பா’ என்றால் நான்கே கொடிகள்: ஏ, பி, பி, ஏ. ஆனால் ஒரு செட்டில் ஓர் எழுத்துக்கு ஒரு கொடிதான் இருக்கும். அதற்கும் வழி வைத்திருக்கிறார்கள். ‘இரண்டாவதை இன்னொரு தடவை படி’, ‘முதலாவதை இன்னொரு தடவை படி’ என்று சொல்வதற்கென்றே தனிக் கொடிகள் உண்டு. கடையில் கேட்டு ஒரு செட்டை இரவல் வாங்கி வந்தேன்.

தோணி தெரிந்த காலையில் கொடிகளை ஏற்றினேன். படபடவென்று அழகாகப் பறந்தன. தோணியில் ஓர் அசைவும் இல்லை. அப்போதுதான் கவனித்தேன். காற்று கரையிலிருந்து கடலுக்கு அடித்துக்கொண்டிருந்தது. கொடிகள் நேராக அவரைப் பார்த்தே நீண்டிருந்தன. அவருக்குத் தெரிந்திருக்கக்கூடியது துணியின் ஓரம் மட்டும்தான். கொடிகளை மேசையில் விரித்தே காட்டிப் பழகிய எனக்கு இது தோன்றவே இல்லை. இன்னும் கொஞ்சம் நெருங்கினால் அவருக்குப் போன் சிக்னல் கிடைத்துவிடும். அதற்குள் மாமி பாதித் தெருவுக்குச் சொல்லியாகிவிட்டது; வாழ்த்துகள் முந்திக்கொள்ளும்.

அவசரமாக அவிழ்த்து, மாமியிடம் ஒன்று, பக்கத்து வீட்டு அக்காவிடமும் அவர் மகளிடமும் ஒவ்வொன்று கொடுத்தேன். கைப்பிடிச் சுவரோரம் வரிசையாக நின்று, சேலை காயப்போடுவதுபோல விரித்துப் பிடித்தோம். கடலிலிருந்து பார்ப்பவருக்கு இடம் வலமாகிவிடும் என்று நினைவு வர, எல்லோரையும் இடம் மாற்றி நிறுத்தினேன்.

“ஏளா, நான் எந்த எழுத்து?” என்றார் மாமி.

“பி, மாமி. ஆடாம நில்லுங்க.”

தோணியின் வேகம் குறைந்தது. அப்புறம் ஹாரன், விடாமல். அங்கேயும் ஆட்கள் ஓடினார்கள். தோணியின் ஓரத்தில் நான்கு பேர் வரிசையாக நின்று கொடிகளை விரித்துப் பிடித்தார்கள். என் கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு பைனாகுலரை எடுத்தேன். முதல் கொடி எங்களுடையதேதான். மூன்றாவதும் நான்காவதும் அப்படியே. இரண்டாவது மட்டும் வேறு: நீலத்தில் வெள்ளைப் பெருக்கல் குறி. அது ‘எம்’. 

“என்னளா சொல்லுதான்?”

“அம்மான்னு எழுதியிருக்காவ, மாமி.”

மாமி தன் கொடியைக் கீழே போட்டுவிட்டு இரண்டு கையாலும் என் முகத்தைப் பிடித்துக்கொண்டார்.

“மொத மொத உன்னய அப்படிக் கூப்பிட்டது எம் மவன்தான்ளா. பிள்ள பெறவு கூப்பிடட்டும்.”